ஒற்றைக் கையில் எத்தனை ஸ்டேஜ்

ஜனவரி 14

குண்டூசிக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, கப்பலில் பிடித்த தலைசுற்றல் மட்டும் தரைக்கு வந்த பிறகும் விடவில்லை. நீயும் அம்மாவும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குச் சண்டை போட்டு, வழக்கம்போல இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

பட்டறையில் பழைய வேலைதான். கடலோரமாக ஒரு கப்பலைத் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். அதன் வயிற்றுக்கு அடியில் நாங்கள் எலி மாதிரி ஓடிக்கொண்டிருக்கிறோம். எனக்கு வின்ச் பொறுப்பு. இரும்பு வடம் சுற்றும் உருளைகளைப் பிரித்து, பல் தேய்ந்ததை மாற்றி, திரும்பப் பூட்ட வேண்டும். விடுதி அறையில் என்னோடு கேன்டீன் சமையல்காரர் இருக்கிறார். என்னைவிட மூத்தவர், அண்ணன் என்று கூப்பிடுகிறேன். பிரமாதமாகச் சமைப்பேன் என்று அவரே சொல்கிறார், வேறு யாரும் சொல்லி நான் கேட்கவில்லை.

இனிதான் முக்கியமான விஷயம். முன் அறைக் கடையில் இருக்கும் கேம் பெட்டியை எக்காரணம் கொண்டும் அணைக்காதே. கிளம்புவதற்கு முந்தின நாள் எட்டு ஸ்டேஜையும் ஒரே டோக்கனில் முடித்தேன். நீ துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாய், கூப்பிட்டும் வரவில்லை. முதல் இடத்தில் என் பெயரின் மூன்று எழுத்து நிற்கிறது. ஆனால் அந்தப் பெட்டிக்குக் கரண்ட் இருக்கும் வரைதான் ஞாபகம். சுவிட்சைத் தட்டினால் எல்லாம் போய், கம்பெனிக்காரன் போட்டு அனுப்பிய பொய் ஸ்கோர் வந்து உட்கார்ந்துகொள்ளும். கடையை மூடும்போது வெளிச்சத்தை மட்டும் குறைத்து வை.

அக்டோபரில் காண்ட்ராக்ட் முடிகிறது. வந்து என் ஸ்கோரை நானே முறியடித்துக்கொள்கிறேன். வேறு எவனாலும் ஆகாது. அம்மாவுக்கு முழங்கால் எப்படி இருக்கிறது என்று எழுது.

இப்படிக்கு,
எட்டு ஸ்டேஜும் முடித்தவன்


பிப்ரவரி 2

என்னங்க,

கடிதம் கிடைத்தது. அத்தையும் நானும் சுகமாக இருக்கிறோம். முழங்கால் வலி தேவலை. உங்களுக்குத் தலைசுற்றல் நின்றிருக்கும் என்று நம்புகிறேன்.

உங்கள் ஸ்கோர் போய்விட்டது. சுற்றிவளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. மின்சார ஆபீஸிலிருந்து மீட்டர் மாற்ற இரண்டு பேர் வந்தார்கள். மெயினை அணைக்காமல் மாற்ற முடியுமா என்று கேட்டேன். ஒருவர் சிரித்தார், இன்னொருவர் என்னைக் கொஞ்சம் பயத்தோடு பார்த்தார். வேலை முடிந்து விளக்கு எரிந்தபோது உங்கள் மூன்று எழுத்தைக் காணோம். அழுது முடித்துவிட்டு மேலே படியுங்கள்.

கடை பரவாயில்லை. காலையில் பஸ் கண்டக்டர்கள் டிரிப்புக்கு நடுவில் வருகிறார்கள். சாயங்காலம் டை கட்டிய குமாஸ்தா ஒருவர் தவறாமல் வந்து, தவறாமல் தோற்று, பெட்டி சரியில்லை என்று தவறாமல் சொல்லிவிட்டுப் போகிறார். நான் இதுவரை டோக்கன் கொடுத்ததோடு சரி, திரையை நிமிர்ந்து பார்த்ததில்லை. போன வாரம்தான் பார்த்தேன். ஒருத்தன் சட்டைகூடப் போடாமல் இடமிருந்து வலமாக ஓடுகிறான். எதிரே வருகிறவனை எல்லாம் சுடுகிறான். யார், என்ன, எதற்கு வந்தாய் என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. இதற்காகவா என்னைக் கூப்பிட்டீர்கள் அன்றைக்கு?

மூன்றாவது ஸ்டேஜில் ஓர் அருவி வருகிறதே, அங்கே எல்லோரும் செத்துவிடுகிறார்கள். குமாஸ்தா அதைத்தான் பெட்டியின் கோளாறு என்கிறார். என்ன பதில் சொல்ல?

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். சமையல்கார அண்ணனுக்கு என் வணக்கம்.

உங்கள் மனைவி


மார்ச் 20

குண்டூசிக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. வேலை அதிகம். நலமாகத்தான் இருக்கிறேன், நீங்களும் அப்படியே இருங்கள். கையில் சின்னச் சிராய்ப்பு, கட்டுப் போட்டிருக்கிறார்கள். அதனால் நான் சொல்லச் சொல்ல அண்ணன் எழுதுகிறார்.

ஸ்கோர் போனால் போகட்டும். அருவியைப் பற்றி அந்தக் குமாஸ்தாவுக்கு என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள். அம்மாவிடம் கையைப் பற்றிச் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு உன் கணவன்

எழுதுபவர் குறிப்பு: தங்கைக்கு வணக்கம். அவர் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன். கடிதத்தை மடித்து ஒட்டும் வேலையும் என்னுடையது என்பதால் இந்த இரண்டு வரி. கையைப் பற்றி ஒன்றும் எழுதக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார், அதனால் எழுதவில்லை.


ஏப்ரல் 6

என்னங்க,

இங்கே எல்லோரும் நலம். உங்கள் நலத்தைப் பற்றித்தான் கொஞ்சம் சந்தேகமாக இருக்கிறது.

ஸ்கோர் போனால் போகட்டுமா? நீங்களா அப்படிச் சொன்னீர்கள்? கல்யாணமான புதிதில் நான் தெரியாமல் பிளக்கைப் பிடுங்கியதற்கு மூன்று நாள் என்னோடு பேசாதவர் நீங்கள். சிராய்ப்புக்கு என்ன மருந்து போடுகிறார்கள், கட்டு எப்போது பிரிப்பார்கள் என்று விவரமாக எழுதுங்கள். அத்தையிடம் நான் சொல்லவில்லை. ஆனால் எழுத்து மாறியிருப்பதைக் கவரின் முகவரியிலேயே பார்த்துவிட்டார். சிராய்ப்பு என்றுதான் நானும் சொன்னேன்.

கடையில் அருவியால் பெரிய தலைவலி. ஒரு கண்டக்டர் நேற்று பெட்டியைக் காலால் உதைத்துவிட்டார். மன்னிப்பும் கேட்டார், ஆனால் பெட்டியிடம்தான் கேட்டார், என்னிடம் இல்லை. எப்படித்தான் ஏறுவது என்று படிப்படியாக எழுதி அனுப்புங்கள். அட்டையில் எழுதிப் பக்கத்தில் தொங்கவிடுகிறேன். தெரியாது என்றால் தெரியாது என்றே எழுதிவிடுங்கள், எட்டு ஸ்டேஜ் முடித்ததெல்லாம் சும்மா விட்ட புருடா என்று எடுத்துக்கொள்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மனைவி


ஏப்ரல் 28

குண்டூசிக்கு,

நலம். அம்மாவும் நீயும் நலம் என்று தெரிந்து சந்தோஷம். புருடாவா? என்னைப் பார்த்தா? இந்தா எழுதிக்கொள்.

அருவியில் திரை பக்கவாட்டில் நகராது, மேலே போகும். அங்கேதான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். இரண்டு ஸ்டேஜ் வலது பக்கமே ஓடிப் பழகியவன் இங்கேயும் வலது பக்கமே பார்ப்பான். மேலே பார்க்க வேண்டும். ஒவ்வொரு பாறையாகத் தாவ வேண்டும். கீழே விட்ட பாறை போனது போனதுதான், திரும்பி இறங்கினால் பள்ளத்தில் விழுந்து சாவான். பாறை உருண்டு வரும்போது ஓரமாக ஒதுங்கு, நடுவில் நிற்காதே. இரண்டாவது ஸ்டேஜ் கடைசியில் ஒரு டப்பா பறந்து வரும். அதைச் சுட்டால் விசிறித் துப்பாக்கி விழும். ஒரு தடவை சுட்டால் ஐந்து குண்டு விரிந்து போகும். அது கையில் இருந்தால் அருவி பாதி முடிந்த மாதிரி. ஆனால் செத்தால் துப்பாக்கியும் போய்விடும். ஆகவே சாகக்கூடாது. (தங்கச்சி, இது அவர் சொன்னபடியே எழுதியது. சாகாமல் இருப்பது எப்படி என்று கேட்டேன், என்னை முறைக்கிறார்.)

கையை எப்படி வைப்பது என்றும் வருகிறவர்களுக்குச் சொல். இடது கை ஸ்டிக்கில். வலது கை ஆள்காட்டி விரல் சுடும் பட்டனில், நடு விரல் குதிக்கும் பட்டனில். சுடும் விரல் ஓயவே கூடாது, எதிரில் ஆள் இல்லாவிட்டாலும் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். குதிப்பதை மட்டும் யோசித்துச் செய்ய வேண்டும். முதலில் நீயே பழகு. கடைக்காரிக்கு ஆடத் தெரியாவிட்டால் எவன் மதிப்பான்?

இன்னொன்று. இங்கே என் நண்பன் ஒருவன் இருக்கிறான். இடது கையை மட்டும் வைத்துக்கொண்டு இந்த ஆட்டத்தை ஆட முடியுமா, எத்தனை ஸ்டேஜ் போகலாம் என்று கேட்கிறான். ஒரு தடவை முயற்சி செய்து பார்த்து எழுது.

இப்படிக்கு,
எட்டு ஸ்டேஜும் முடித்தவன்

எழுதுபவர் குறிப்பு: இரண்டு மாதமாக இந்த மனிதர் என்னிடம் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதில்லை. உங்கள் கடிதம் வந்த அன்று அருவி பற்றியே பேசினார், தட்டையும் காலி செய்தார். அந்தக் குமாஸ்தா இன்னும் எங்கெல்லாம் தோற்கிறார் என்று கேட்டு எழுதுங்கள்.


மே 15

என்னங்க,

நலம்தான். அத்தை இப்போது கடையில் உட்கார்ந்து டோக்கன் கொடுக்கிறார், நான் ஆடுகிறேன். வீடு எந்த நிலைமைக்கு வந்துவிட்டது பாருங்கள்.

நீங்கள் சொன்னபடி ஏறினேன். மூன்று நாள் பாறைக்குப் பாறை செத்தேன். நாலாவது நாள் அருவி உச்சியில் போய் நின்றேன். குமாஸ்தா கைதட்டினார். அன்றைக்கு அவருக்கு டோக்கன் இலவசம். நாலாவது ஸ்டேஜ் ரயிலில் இரண்டு பெட்டி தாண்டுவதற்குள் தீர்த்துக்கட்டிவிட்டார்கள். அதற்கு வழி எழுதுங்கள்.

உங்கள் நண்பர் கேட்டதையும் செய்து பார்த்தேன். வலது கையை இடுப்பில் வைத்துக்கொண்டு இடது கையை ஸ்டிக்குக்கும் பட்டனுக்கும் மாற்றி மாற்றி ஓட்டினேன். ஸ்டிக்கைப் பிடித்தால் சுடாமல் ஓடிச் சாகிறான், பட்டனுக்குப் போனால் ஓடாமல் நின்று சாகிறான். முதல் ஸ்டேஜில் வெடிக்கும் பாலத்தையே தாண்டவில்லை. கண்டக்டர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். ஒற்றைக் கையை வைத்துக்கொண்டு இந்த ஆசை எதற்கு, ஓரமாக உட்கார்ந்து டோக்கன் எடுத்துக் கொடுக்கலாம் என்று உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள்.

அக்டோபருக்கு அதிக நாள் இல்லை. முன் அறைக்குச் சுண்ணாம்பு அடிக்கலாமா, நீங்கள் வந்த பிறகு அடிக்கலாமா? கை முழுதாக ஆறிவிட்டதா? ஏன் இன்னும் அண்ணனே எழுதுகிறார்?

குண்டூசி


ஜூலை 30

அன்புள்ள மனைவிக்கு,

நலம். நீங்களும் நலம் என்று நம்புகிறேன். மூன்று மாதமாக எழுத முடியவில்லை. நீ அனுப்பிய மூன்று கடிதமும் கிடைத்தன.

பட்டறையில் காண்ட்ராக்டை இன்னும் இரண்டு வருடம் நீட்டித்திருக்கிறேன். நல்ல வாய்ப்பு, விட மனமில்லை. அக்டோபரில் வர முடியாது. சுண்ணாம்பை நீயே அடித்துவிடு. பெட்டியைப் பார்த்துக்கொள்வது சிரமமாக இருந்தால் விற்றுவிடு, எனக்கு ஆட்சேபம் இல்லை. அம்மாவைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு உன் கணவன்


ஜூலை 31

தங்கைக்கு,

சமையல்கார அண்ணன் எழுதுவது. நீங்களும் அம்மாவும் சௌக்கியமாக இருக்க வேண்டும். நேற்று அவர் சொன்ன கடிதத்தை எழுதி அனுப்பிவிட்டேன். இன்றைக்கு என் சொந்தக் கடிதம். இப்படி ஒன்று எழுதினேன் என்று அவருக்குத் தெரிய வேண்டாம். சத்தியத்தை மீறுகிறேன், பாவம் வந்தால் என்னோடு போகட்டும்.

சிராய்ப்பு இல்லை தங்கச்சி. பிப்ரவரி மாதம் வின்ச் சுற்றும்போது வடம் கையுறையைக் கவ்விவிட்டது. வலது கையில் மூன்று விரல் போய்விட்டது. கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் மிச்சம். புண் எப்போதோ ஆறிவிட்டது. வின்ச்சுக்குக் கிட்டே இப்போது அவரை விடுவதில்லை. ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து, ஸ்பேனர் கேட்டு வருகிறவர்களுக்கு இடது கையால் எடுத்துக் கொடுக்கிறார். வலது கை எந்நேரமும் பாக்கெட்டுக்குள். அக்டோபரில் அனுப்பிவைக்கப் பட்டறையே தயார். இரண்டு வருடம் இங்கேயே ஸ்டோரில் இருக்கிறேன் என்று வலியப் போய்க் கேட்டவர் அவர்தான்.

ஒற்றைக் கையில் ஆட முடியுமா என்று கேட்ட நண்பன் யார் என்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். உங்கள் பதில் வந்த அன்று வழக்கம்போலக் கவரைப் பிரித்து, கேன்டீன் மேஜையில் உட்கார்ந்து நான்தான் சத்தமாகப் படித்தேன். அருவி உச்சி வரைக்கும் சிரித்துக்கொண்டே கேட்டார். அடுத்த பத்தியைக் கண் பார்க்கும்போதே நான் தாண்டியிருக்க வேண்டும். எனக்கு எழுதியிருப்பதை எழுதியபடி படித்துத்தான் பழக்கம். டோக்கன் எடுத்துக் கொடுக்கலாம் என்ற வரியையும் படித்துவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "அவ சொல்றதுல என்னண்ணே தப்பு? இந்தக் கையோட போய் அந்த ரூம்ல உக்காந்தா நாலு பேர் சிரிக்கத்தான் செய்வாங்க. அவளும் பாத்துக்கிட்டு இருக்கணும்" என்றார். மறுநாள்தான் ஆபீஸுக்குப் போய்க் கையெழுத்து, இல்லை, கைநாட்டு வைத்துவிட்டு வந்தார்.

நீட்டிப்புக் காகிதம் செப்டம்பர் முடிவில்தான் மேலே போகும். அதுவரைக்கும் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். நான் சொல்வதை எல்லாம் அவர் காதில் வாங்குவதில்லை. நீங்கள் சொன்னால் கேட்பார். ஆனால் நான் சொன்னேன் என்று சொல்லிவிடாதீர்கள், இதே அறையில்தான் நான் அவரோடு இருந்தாக வேண்டும்.

உங்கள் அண்ணன் மாதிரி ஒருவன்


ஆகஸ்ட் 19

என்னங்க,

அத்தை நலம். நான் நலமில்லை. காய்ச்சல் ஒன்றும் கிடையாது, மனசுதான். அதை அப்புறம் சொல்கிறேன்.

இரண்டு வருடம் என்று எழுதியிருந்தீர்கள். பெட்டியை விற்கவும் சொல்லியிருந்தீர்கள். விற்க மாட்டேன்.

உங்கள் நண்பருக்கு நான் சொன்ன பதில் தப்பு. யோசிக்காமல் எழுதினேன். எழுதிய கையை அடுப்பில் வைக்கலாம் போல இருக்கிறது. ஒற்றைக் கையில் எத்தனை ஸ்டேஜ் என்று அவர் கேட்டதை நான் சரியாகச் சோதித்துப் பார்க்கவே இல்லை. இந்த இரண்டு வாரமாகத்தான் பார்த்தேன். நடந்ததைச் சொல்கிறேன், அவருக்கும் படித்துக் காட்டுங்கள்.

கடையைச் சாத்திவிட்டு அத்தையைப் பெட்டிக்கு முன்னால் கூட்டிவந்தேன். நீங்கள் ஸ்டிக்கைப் பிடியுங்கள், நான் பட்டன் இரண்டையும் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். "ஒருத்தன ஓட்டறதுக்கு ரெண்டு பேர் எதுக்கும்மா?" என்று கேட்டார். பழகி வைத்துக்கொள்ளலாம் என்றுதான் என்றேன். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் இடது கையால் ஸ்டிக்கைப் பிடித்தார். வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துக்கொண்டார். நான் அப்படி வைக்கச் சொல்லவில்லை. அன்றிலிருந்து உங்கள் கையைப் பற்றி என்னிடம் அவர் கேட்பதும் இல்லை.

முதல் நாள் பாலத்திலேயே செத்தோம். அத்தை முன்னால் மட்டும்தான் போவார், பின்வாங்குவது அவர் பரம்பரையிலேயே கிடையாது. எதிரில் ஆள் வந்தால் என்னைச் சுடச் சொல்லாமல் அவனைத் திட்டுவார். அவன் சுட்டுவிடுவான். நானோ அவரைக் கேட்காமல் குதித்துவிடுவேன். ஒருத்தன் உடம்பை இரண்டு பேர் இரண்டு பக்கம் இழுத்தால் அவன் என்ன செய்வான், பாவம்.

பிறகு எங்களுக்குள் ஓர் ஒழுங்கு வைத்துக்கொண்டோம். ஸ்டிக் பிடிக்கிறவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். பட்டனில் இருப்பவள் பேசக்கூடாது. சுடும் விரல் பாட்டுக்குச் சுட்டுக்கொண்டே இருக்கும். ஆனால் 'குதி' என்று காதில் விழுந்தால்தான் குதிக்க வேண்டும். நான் பேசாமல் இருக்க எவ்வளவு கஷ்டப்பட்டேன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வாரக் கடைசியில் பாலம் தாண்டினோம். இரண்டாவது ஸ்டேஜும் முடித்தோம், விசிறித் துப்பாக்கியோடு. பகலில் கண்டக்டர்கள் முன்னாலும் ஆடிக் காட்டினோம். ஒருத்தரும் சிரிக்கவில்லை. வாசலை அடைத்துக்கொண்டு நின்று பார்த்தார்கள், பஸ் ஒன்று ஹாரன் அடித்து ஓய்ந்தது.

அருவியில் அத்தைக்குத் தலை சுற்றுகிறது. இனி முடியாது என்றுவிட்டார். குமாஸ்தாவைக் கேட்கலாம்தான், அவர் ஸ்டிக் பிடித்தால் நான் எட்டு ஜென்மத்துக்கு மூன்றாவது ஸ்டேஜிலேயே கிடக்க வேண்டியதுதான். ஆகவே எனக்கு ஸ்டிக்குக்கு ஓர் ஆள் தேவை. வழி தெரிந்தவராக இருக்க வேண்டும். இடது கை மட்டும் போதும். வலது கை எனக்கு வேண்டாம், வந்தால் இடைஞ்சல்.

இரண்டு வருடம் என்னால் காத்திருக்க முடியாது. மனசு நலமில்லை என்று எழுதினேனே, அது இதுதான். அந்த நண்பரைக் கூட்டிக்கொண்டு அக்டோபரில் வாருங்கள்.

குண்டூசி


செப்டம்பர் 11

குண்டூசி,

இதை நானே எழுதுகிறேன். இடது கை. மூன்று சாயங்காலம் ஆனது. எழுத்து நாலாபக்கமும் ஓடுகிறது, துரத்திப் பிடித்துப் படி.

நலமா என்று கேட்க வேண்டும், மறந்துவிட்டேன். நலமா?

உனக்குத் தெரிந்துவிட்டது. யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. அண்ணன் உன் கடிதத்தைப் படித்த நாளிலிருந்து என் முகத்தைப் பார்க்காமல் சோறு போடுகிறார்.

வலது கையில் மூன்று விரல் இல்லை. அம்மா முதுகுக்குப் பின்னால் கையை வைத்தாள் என்று அண்ணன் படித்தபோது எழுந்து வெளியே போய்விட்டேன். கப்பலுக்கு அடியில் நின்று அழுதேன். பிப்ரவரிக்குப் பிறகு முதல் தடவை.

கடைக்கு வருகிறவன் சிரிப்பான் என்று அண்ணனிடம் சொன்னேன். அது பாதிதான். மீதி நீ. கையைத் திறந்து பார்த்தால் எனக்கே பிடிக்கவில்லை. நீ பார்க்கும்போது உன் முகம் எப்படி மாறும் என்று நினைத்து நினைத்துத்தான் இரண்டு வருடம் கேட்டேன். வேறு பெண்ணாக இருந்தால் ஒன்றுமே இல்லை என்று பொய் சொல்வாள். உனக்குப் பொய் வராது. அதுதான் பயம்.

நீட்டிப்புக் காகிதம் இன்னும் ஸ்டோர் ஆபீஸில்தான் இருக்கிறது. நேராகச் சொல். வரட்டுமா?


செப்டம்பர் 18

என்னங்க,

அத்தை நலம், நான் நலம், இந்தத் தடவை நிஜமாகவே.

முகம் மாறும். முதல் தடவை பார்க்கும்போது கண்டிப்பாக மாறும். அழவும் செய்வேன். அத்தை என்னைவிட அதிகமாக அழுவார். அதை நீங்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். இரண்டாவது தடவை அவ்வளவு இருக்காது. அதற்கப்புறம் அது உங்கள் கை, அவ்வளவுதான். காலையில் டம்ளரை எந்தப் பக்கம் வைப்பது என்று ஒரு வாரம் தடுமாறுவேன், பிறகு அதுவும் பழகிவிடும். எனக்குப் பொய் வராது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், ஆகவே இதையும் நம்புங்கள்.

எனக்கு ஒரே ஒரு கோபம் இருக்கிறது. அதை நேரில் காட்டலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. அந்தக் கையைப் பிப்ரவரியிலிருந்து சமையல்கார அண்ணன் பார்க்கிறார். ஸ்டோருக்கு ஸ்பேனர் வாங்க வருகிறவன்கூட ஒரு நாளாவது பார்த்திருப்பான். கட்டிக்கொண்டவள் நான் பார்க்கவில்லை. வலித்த நாளில் நான் இங்கே குமாஸ்தா கதை எழுதிக்கொண்டிருந்தேன். எனக்கு ஒரு வரி எழுதியிருந்தால் நானும் அந்த வலியில் கொஞ்சம் பட்டிருப்பேன் இல்லையா? சரி, விடுங்கள்.

காகிதத்தைத் திருப்பி வாங்கிக் கிழித்துப் போடுங்கள். வரட்டுமா என்று விருந்தாளிதான் கேட்பான். உங்கள் வீட்டுக்கு வர நீங்கள் யாரைக் கேட்க வேண்டும்? அண்ணனிடம் என் நன்றியைச் சொல்லுங்கள், அவரோடு சண்டை போடாதீர்கள்.

எந்தத் தேதியில் கப்பல் என்று மட்டும் எழுதுங்கள். இடது கையாலேயே எழுதுங்கள். உங்கள் கடிதத்தைப் படிக்க எனக்கு ஒரு பொழுது பிடித்தது. சில வார்த்தைகளை விளக்குக்குக் கிட்டே கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஆனால் நடுவில் யாரும் இல்லை, நீங்களே என்னிடம் பேசினீர்கள்.

குண்டூசி